திருவல்லிக்கேணியில் தாத்தாவின் படத்தை மீட்டுக் கொடுத்த கடை

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டு வாசலில் அவர் நிற்கும் ஒரே படம், பூச்சி அரித்துப் பாதி மங்கிப் போயிருந்தது. பழைய படங்களைச் சரிசெய்யும் இந்தச் சின்னக் கடையில் கொடுத்தேன்.

முகம் அப்படியே வந்துவிட்டது. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனால் முதல் பிரிண்டில், பின்னால் இருந்த சயனைடு மேட்டைக் கறை என்று நினைத்து வெறும் வானமாக்கிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001இல் சுரங்கம் மூடும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியதன் மிச்சம். அந்த மேடு இல்லாமல் அது எங்கள் ஊரே இல்லை.

சொன்னதும் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கூடுதல் காசு வாங்காமல் மறுபடி செய்து தந்தார். மொத்தம் 1,200 ரூபாய், ஆறு நாள். அப்புறம், பிரிண்டைப் பளபளப்பில்லாத மேட் (matte) தாளிலேயே கேளுங்கள். பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டு முகம் தெரிவதில்லை.