ஆம்ப் போட்டும் சத்தம் போதவில்லை: தஞ்சாவூரில் ஒரு நாள் வேலை

என் 2013 மாடல் வேகன்-ஆர் காரில் ஆம்ப் (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்) போட்டு ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். முன்கதவுகளில் ஆறரை இஞ்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர் (தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர்), பின்னால் ஒரு ஜோடி சாதா ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்கு அடியில் சேனலுக்கு 60 வாட் ஆர்.எம்.எஸ். (விடாமல் தரக்கூடிய சக்தி) தரும் நான்கு சேனல் ஆம்ப். இவ்வளவு இருந்தும் பாபநாசம் தாண்டி வேகம் எடுத்தால் பாட்டு டயர் இரைச்சலில் கரைந்துவிடும். வால்யூமைக் கூட்டினால் கரகரவென்று உடையும்.

மாதம் ஒருமுறை அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அவருக்கு 74 வயது, நாதஸ்வரம் என்றால் உயிர். போகவர எண்பது கிலோமீட்டரும் பழைய கச்சேரிப் பதிவுகள்தான். பின்சீட்டில் உட்கார்ந்து, "சத்தம் வருது, பாட்டு வரலடா" என்பார். செட்டில் என்ன கோளாறு என்பதை அந்த நான்கு வார்த்தைகளில் அவர் சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

ஆம்ப் பொருத்திய கடைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஆம்பில் இருக்கும் கெயின் திருகை முழுசாகத் திருப்பி, தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டையும் போட்டு அனுப்பினார்கள். இரண்டாம் முறை, "இந்த ஆம்ப் பத்தாது சார், பெரிசு மாத்திடுங்க" என்றார்கள். இன்னும் பதினைந்தாயிரம் ரூபாய் செலவு. மாற்றியே விடலாம் என்றிருந்தபோதுதான் நண்பர் ஒருவர் தஞ்சாவூர் மேரீஸ் கார்னர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். ஒரு தம்பி, கூட ஒரு பையன், ஒரு ஷெட், அவ்வளவுதான். பொருள் விற்பது அங்கே குறைவு. மற்றவர்கள் போட்டதைச் சரிசெய்வதுதான் முக்கிய வேலை.

நான் போனதும் அந்தத் தம்பி பாட்டே போடவில்லை. முதலில் மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு ஆம்ப் முனையில் வைத்தபோது 11.8. "அண்ணே, ஆம்புக்குச் சாப்பாடே போகல" என்றார். எர்த் வயரை சீட் போல்ட்டில் பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார்கள். பவர் வயரும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட ரகம், அதுவும் மெல்லியது. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் புது எர்த் போட்டார். நல்ல செம்பில் தடித்த 4 கேஜ் வயர் இழுத்து, பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைத்தார். மறுபடி பார்த்தால் 13.7.

அடுத்தது என்னை உட்கார வைத்துக் காட்டிய விஷயம். டோர் பேடைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரில் ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டார். இடது கதவு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளியது. வலது கதவில் உள்ளே இழுத்தது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது! ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், தவிலின் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கம் காருக்குள் வந்து சேரவே சேராது. நான் அந்தக் கனத்தைத் தேடித்தான் ஏழு மாதமும் வால்யூமைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கெயின் பற்றி அவர் சொன்னதை ஆம்ப் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரண்டாவது வால்யூம் கிடையாது. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் எத்தனை வோல்ட்டோ அதற்கு ஆம்பைப் பொருத்திவைக்கும் திருகு. அவர் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஸ்டீரியோவை நாற்பதுக்கு 32-இல் வைத்து 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டார். 60 வாட்டை ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 15.5 வோல்ட். மீட்டரில் அந்த எண் வரும் வரைதான் திருப்ப வேண்டும். திருகு பாதிகூடப் போகவில்லை. எந்த ஒலிகள் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் சுவிட்ச் 'ஃபுல்'லில் இருந்ததை ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸுக்கு, அதாவது அதற்குக் கீழான தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும்படி, மாற்றினார். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸுக்கு முக்கிக்கொண்டிருந்தால் அதற்கு மேலே உள்ள ஸ்வரங்களும் சேர்ந்து உடையும். அந்தப் பாரத்தை இறக்கியதும் அதே ஸ்பீக்கர் இன்னும் நாலு படி வால்யூம் தாங்குகிறது.

பெரிய ஆம்ப் பற்றியும் கேட்டேன். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தானாம். இரண்டு மடங்கு சத்தமாகக் காதில் விழ வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதைவிட 88 டெசிபல் சென்ஸிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வாங்கினால், ஆம்பைத் தொடாமலே அந்த மூன்று டெசிபல் கிடைத்துவிடும். இதைக் கேட்காமலிருந்தால் பதினைந்தாயிரம் போயிருக்கும்.

கடைசியில் இரண்டு முன்கதவுகளிலும் தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள்தகட்டின் ஓட்டைகளை அடைத்தார்கள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அந்த ஓட்டை வழியாக முன்னால் வந்து பேஸை அழிக்காமல் இருக்கத்தான் இது. போனின் வால்யூம் பாதியில் இருப்பதையும் பார்த்து அதை முழுசாக வைக்கச் சொன்னார்.

கூலி 1,800, வயர் கிட் 3,500, ஷீட் 4,000. மொத்தம் 9,300 ரூபாய். செய்த வேலைக்கு இது நியாயம் என்பேன்.

குறையும் உண்டு. காலை ஒன்பதரைக்கு விட்ட கார் இரவு ஏழு மணிக்குத்தான் கிடைத்தது. உட்கார ஒரு ஸ்டூல்தான், பில் கிடையாது. இடது கதவில் ஒரு கிளிப் சரியாக உட்காராமல் இரண்டே நாளில் தடதடத்தது. மறுபடி போனபோது காசு வாங்காமல் சரிசெய்தார். ஆனால் அதற்காக எனக்கு இன்னொரு எண்பது கிலோமீட்டர். ஜன்னலைத் திறந்து நூறில் போனால் இப்போதும் சத்தம் போதாது. அதை இந்த அளவு செட்டில் எதிர்பார்க்கவும் கூடாது.

போன வாரம் அப்பாவோடு போனேன். ஸ்டீரியோவில் 24-தான், முன்பு 36 வைத்தும் கேட்காத இடம். அய்யம்பேட்டை வரை அவர் பேசவே இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். தனி ஆவர்த்தனத்தில் தவிலின் வலந்தலையும் தொப்பியும் பிரிந்து கேட்டன. "இப்பத்தாண்டா ரெண்டு கையும் கேக்குது" என்றார்.

பின்கதவுகளுக்கும் ஷீட் போட அடுத்த மாதம் மறுபடி அங்கேதான் போகிறேன். போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போங்கள், சனிக்கிழமை வரிசை நிற்கிறது.