ஷோவுக்கு எது: ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

நாட்டு நாயை நாய்க் கண்காட்சியில், அதாவது ஷோவில், இறக்க நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்பார்கள். நான் எடுத்தது சிப்பிப்பாறை. அதனால் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

தோற்றத்தில் ராஜபாளையத்தை மிஞ்ச முடியாது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005-ல் தபால்தலையில் வந்த பெருமை வேறு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு, நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டும் குட்டை முடி; நகம் வெட்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். என்ன, வெள்ளையில் செம்மண் பட்டால் பளிச்சென்று தெரியும். வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் வரும். பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் அதில் பிடிபடாது.

எனக்கு முடிவைத் தந்தது ஜட்ஜின் கை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், தோளிலிருந்து வால் வரை தடவுவார், ஆண் நாய் என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அப்போது உறுமினால் எவ்வளவு அழகான உடற்கட்டு இருந்தும் வீண். ராஜபாளையம் காவலுக்குப் பேர்போனது. அந்நியர் கையை அது சும்மா விடாது. வாசலில் நாம் மெச்சுகிற குணம்தான், ஜட்ஜ் நாயைப் பார்க்கும் களமான ரிங்கில் காலை வாரிவிடும். சிப்பிப்பாறையும் வெளியாளிடம் ஒட்டாது. ஆனால் அதில் பாதி கூச்சம், பழக்கினால் தெளியும்.

பழக்குவதற்கு நான் பிடித்தது வீட்டுக்கு வருகிறவர்களை. தண்ணீர் கேன் போடுகிறவரிடம், "அண்ணே, ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சுவேன். தலைக்கு மேலே கை வரக் கூடாது, தாடைக்குக் கீழிருந்துதான் வர வேண்டும். முதலில் தோள், அப்புறம் முதுகு, பல் கடைசியில். நாலு காலும் நகராமல் நின்றால் மட்டும் அவித்த ஈரலில் ஒரு துண்டு. அவசரப்பட்டுப் பல்லுக்குப் போனால் மறுபடி தோளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

சிப்பிப்பாறையின் தொல்லை அதன் கண். பூனை, காற்றில் பறக்கும் கவர், எது அசைந்தாலும் பாய்ந்துவிடும். ரிங்கில் இடப்பக்கம் சுற்றுகையில் நாய் நம் இடக்கைப் பக்கம், நடுவில் நிற்கும் ஜட்ஜின் பார்வையில், சீரான சிறு ஓட்டமாக வர வேண்டும். அதற்குக் காலையில் ஆளில்லாத மைதானத்தில் தொடங்கி, மெல்ல மெல்லச் சந்தடியான இடத்துக்குக் கொண்டுபோனேன். தீனியும் அளவாகத்தான், ஒட்டிய வயிறு நிரம்பிவிட்டால் வேட்டை நாய்க்குரிய வாகே போய்விடும்.

ராஜபாளையத்தை நானே ஷோவுக்குப் பழக்கியதில்லை. மாமா வீட்டில் வளர்ந்ததைக் கூட இருந்து பார்த்ததோடு சரி. குட்டியிலிருந்தே கூட்டத்தில் புழங்கிய ராஜபாளையம் ஒன்று ரிங்கில் சிலை மாதிரி நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆள் வந்துபோகும் பெரிய வீடும், குட்டியிலேயே எடுக்கிற வாய்ப்பும் இருந்தால் அதைத் தாராளமாக எடுக்கலாம். ஓரளவு வளர்ந்ததைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், சிப்பிப்பாறையே சொல்வேன்.