மெட்டா ஆட்ஸ் மேனேஜர்: ‘லேர்னிங்’ முடியும்வரை கை வைக்கலாமா?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் சிறு வியாபாரிகளுக்கு இந்தக் கருவி மேல் கோபம் வருவது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்தான். இன்று 150 ரூபாய் விளம்பரச் செலவில் வந்த ஆர்டருக்கு நாளை 600 ஆகும். ஆட்ஸ் மேனேஜர் அட்டவணையின் ‘டெலிவரி’ பத்தியில் ‘லேர்னிங்’ (கற்றல்) என்று இருக்கும்வரை இப்படித்தான் ஏறி இறங்கும். யாருக்கு, எந்த நேரத்தில், ரீல்ஸிலா ஸ்டோரியிலா என்று அல்காரிதம் பணத்தைப் போட்டுப் பார்க்கும் கட்டம் அது.

பொறுத்திருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுமைக்கு ஆகும் செலவை முதலில் கணக்குப் போட வேண்டும். கடைசிப் பெரிய மாற்றத்துக்குப் பின் 7 நாட்களில் ஆட் செட் (ஒரே பட்ஜெட், ஒரே ஆடியன்ஸ் கொண்ட விளம்பரத் தொகுப்பு) ஒன்றுக்குச் சுமார் 50 ரிசல்ட் (ஆர்டர் போல நீங்கள் கேட்ட பலன்) என்பது மெட்டா தரும் அளவு. ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய் என்றால் வாரத்துக்கு 10,000, நாளுக்கு ஏறக்குறைய 1,430. நாளுக்கு 300 ரூபாயை வைத்துக்கொண்டு அதை மூன்று ஆட் செட்டுகளுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் மூன்று நான்கு ஆர்டர் தேறினாலே அதிகம். ‘லேர்னிங் லிமிடெட்’, அதாவது கற்கப் போதிய ரிசல்ட் இல்லை என்று வந்து நிற்கும். மாதக்கணக்கில் காத்திருந்தாலும் அதே கதைதான். மூன்றையும் ஒன்றாக்குங்கள். அதுவும் போதவில்லையென்றால் இலக்கு ஈவென்டாக, அதாவது அல்காரிதம் தேட வேண்டிய செயலாக, ‘பர்ச்சேஸ்’ (வாங்குவது) இடத்தில் ‘ஆட் டு கார்ட்’ (கூடையில் போடுவது) வையுங்கள். கார்ட்டில் போடுபவர்கள் எல்லோரும் வாங்க மாட்டார்கள் என்பதால், உண்மையான ஆர்டர் செலவைத் தனியே பார்த்துவர வேண்டும்.

ஆடியன்ஸ், படம், வாசகம், இலக்கு ஈவென்ட் இவற்றில் எதை மாற்றினாலும், புது விளம்பரம் சேர்த்தாலும், 7 நாள் நிறுத்தி வைத்துத் திரும்ப ஓட்டினாலும் லேர்னிங் முதலிலிருந்து தொடங்கும். பட்ஜெட்டைச் சிறிதளவு கூட்டினால் பாதிப்பில்லை. 300-ஐ ஒரே நாளில் 1,000 ஆக்கினால் ஆபத்து. ஒரு தடவைக்கு 20% என்பது தொழிலில் உள்ளவர்களின் பழக்கம், மெட்டாவின் விதி அல்ல.

நேற்றைய எண்ணை வைத்து முடிவெடுப்பதும் தவறு. கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும் ஆர்டர் அந்த விளம்பரத்தின் கணக்கில், விளம்பரம் காட்டப்பட்ட நாளுக்கே சேரும். அதனால் கடைசி இரண்டு நாள் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

பொறுமை காட்டக்கூடாத இடம் பிக்ஸல், அதாவது உங்கள் வெப்சைட்டில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் சிறு நிரல். விளம்பரம் தொடங்கும் முன் ஈவென்ட்ஸ் மேனேஜரில் ‘டெஸ்ட் ஈவென்ட்ஸ்’ திறந்து, கடையில் ஒரு சோதனை ஆர்டர் போடுங்கள். பர்ச்சேஸ் ஒரே ஒரு முறை, சரியான தொகையோடு பதிவாக வேண்டும். பிறகு ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். இன்னொரு பர்ச்சேஸ் விழுந்தால் கோளாறு. பிரவுசர் பிக்ஸலும் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயும் (அதே தகவலை உங்கள் சர்வரிலிருந்து அனுப்பும் வழி) ஒரே ஆர்டருக்கு வெவ்வேறு ஈவென்ட் ஐடி (அடையாள எண்) அனுப்பினாலும் ஓர் ஆர்டர் இரண்டாக எண்ணப்படும். இப்படிப் பொய்க் கணக்கைப் படித்த அல்காரிதம் ஆளையும் தப்பாகத்தான் தேடும்.

கருவியில் மெச்ச வேண்டியது ‘லாஸ்ட் சிக்னிஃபிகன்ட் எடிட்’ (கடைசிப் பெரிய மாற்றம்) பத்தி. கடைசியாக எப்போது கை வைத்தார்கள் என்ற சண்டையை அது தீர்த்துவிடும். பிடிக்காதது, பட்ஜெட்டைக் கூட்டு, ஆடியன்ஸை விரி என்று ஓயாமல் வரும் பரிந்துரைகள். லேர்னிங் நடக்கும்போது அவற்றைத் தொடவே வேண்டாம்.

வெப்சைட் இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் விற்பவர்களைப் பொறுத்தவரை இந்தக் கருவிக்கு என் மதிப்பெண் குறைவுதான். ‘உரையாடல்’ இலக்கில் 50 சீக்கிரம் நிரம்பும், லேர்னிங்கும் முடியும். ஆனால் வருபவர்களில் பலர் ‘விலை என்ன?’ என்று கேட்டுவிட்டு மறைபவர்கள். விலையை விளம்பரப் படத்திலேயே போடுங்கள். மெசேஜ் குறையும், வாங்குபவர் மிஞ்சுவார்.