குறட்டைத் தலையணையும் நானும்: சில ஆண்டுகளின் அனுபவம்

'குறட்டைக்கு முற்றுப்புள்ளி' என்று விளம்பரம் செய்து விற்கும் தலையணைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தலையணைமீது குறையில்லை. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக நானும் சாய்வுத் தலையணையில்தான் தூங்குகிறேன், நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று சொல்லாமல் விற்பது ஆபத்து.

குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஸ்லீப் ஏப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் கோளாறு, இருப்பதில்லை. அது இருப்பவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. 10 நொடியாவது மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிடும். திணறி மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போவோம். காலையில் எதுவும் நினைவிருக்காது. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். குறட்டை சட்டென்று நிற்கும்போதெல்லாம், அடுத்த மூச்சு வருகிறதா என்று எழுந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் அறிந்ததெல்லாம் காலைத் தலைவலியும், ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடியே கண் செருகி, செம்பூரைத் தாண்டி மான்கூர்டில் விழிப்பதும்தான்.

தூக்கப் பரிசோதனையில் ஏஎச்ஐ என்றொரு எண் தருவார்கள். மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பது அது. 5 முதல் 15க்குள் லேசானது, 30ஐ எட்டினால் கடுமையானது. எனக்கு 13. மல்லாந்து படுத்த நேரத்தைத் தனியே பார்த்தால் 27, ஒருக்களித்தபோது 4. இந்த வித்தியாசம்தான் தலையணையை முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதற்குக் காரணம்.

சாய்வுத் தலையணை இடுப்பிலிருந்தே உடலைச் சரிவாக உயர்த்த வேண்டும். சாதாரணத் தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி, முகவாய் மார்பில் இடித்து, மூச்சுப்பாதை இன்னும் குறுகும். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றையும் வைத்துக்கொள்கிறேன். தூக்கத்தில் மல்லாந்து விடாமல் அது தடுக்கிறது. ஒருக்களிக்கும்போது காதுக்கும் தோளுக்கும் இடையிலான உயரத்தைத் தலைக்கு வைக்கும் தலையணை நிரப்ப வேண்டும். என்னுடையது தாழ்வாக இருந்ததால் தோள்வலி வந்தது. உயரமானதாக மாற்றியதும் போய்விட்டது. சரிவில் கீழே வழுக்கிக்கொண்டே போவது இன்னொரு தொல்லை. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள்.

மும்பைப் புழுக்கத்துக்கு மெமரி ஃபோம் ஒத்துவரவில்லை. மே மாதத்தில் முதுகு வேர்த்துக் கொட்டும். மழைக்காலத்தில் ஈரவாடை பிடிக்கும். ஃபோமைத் துவைக்கவும் முடியாது. ஆகவே கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நாளடைவில் ஃபோம் அமுங்கிச் சரிவு குறைந்துவிடும். என்னுடையதை ஒருமுறை மாற்றிவிட்டேன்.

தலைவலி இப்போது அபூர்வம். தலையணையுடனேயே மறுபடி பரிசோதித்தபோது எண் 6க்கு இறங்கியிருந்தது. அலுவலக நண்பர் ஒருவருக்கு நிலைமை வேறு: எப்படிப் படுத்தாலும் 40க்கு மேல். அவருக்கு முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிதான் வழி. என் தலையணையை இரவல் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டேன்.