ஆறு மாரி கண்ட மழைமானி

2018 புரட்டாதியில் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த சின்னம்மாவின் மகன், சொக்லேட்டையும் சவர்க்காரத்தையும் எல்லோருக்கும் பங்கு வைத்து முடித்துவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பிளாஸ்ரிக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டினான். "அண்ணன், இது உங்களுக்கு. மழை வந்தா வாசல்ல போய் நிக்கிற ஆள் நீங்கதானே." மழைமானி. புவியியல் பாடத்தில் படம் கீறிப் பெயர் குறித்ததோடு சரி, கையால் தொட்டது அன்றைக்குத்தான். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் பின்வளவில் அது ஆறு மாரியைப் பார்த்துவிட்டது. வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பொருள் எளிமையானது. 4 அங்குல அகலத்தில் ஒரு வெளிக்குழாய், மேலே புனல், உள்ளே மெல்லிய அளவுக்குழாய். புனலின் வாய்ப் பரப்பு உள்குழாயின் பரப்பைப் போல பத்து மடங்கு. ஆகவே 1 மில்லிமீற்றர் மழை உள்ளே 10 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். அரைக்கால் தூறலைக்கூட வாசிக்கலாம் என்பது இதனால்தான். உள்குழாய் 25 மில்லிமீற்றர் மழையில் நிரம்பும், மிச்சம் வெளிக்குழாய்க்குள் வழியும். காலையில் உள்ளே இருப்பதை வாசித்து ஊற்றிவிட்டு, வெளியே தேங்கியதை மறுபடி உள்குழாயில் விட்டு விட்டு அளந்து கூட்ட வேண்டும். மொத்தம் 280 வரை கொள்ளும். இதுவரை நிரம்பியதில்லை, நிரம்பவும் வேண்டாம்.

முதல் மாரி முழுக்கத் தவறான கணக்குத்தான். வசதிக்காகக் குசினி வாசலுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்துக்குக் கீழே கட்டியிருந்தேன். மழை விட்ட பிறகும் இலை அரை மணித்தியாலம் சொட்டும். பெருங்காற்றோடு வரும் மழையை அதே மரம் மறைத்தும் விடும். பக்கத்தில் நிற்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்று பிறகுதான் வாசித்தேன். கல்லடியில் ஒரு வளவுக்குள் அப்படி ஓர் இடம் கிடைப்பது, தென்னை இல்லாத மூலையைத் தேடுவது மாதிரி. கடைசியில் கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு கட்டை நட்டேன். பூரண வெளி இல்லை, ஆனால் மோசமும் இல்லை. அந்த முதல் வருசக் கணக்கைக் கொப்பியில் கோடு கீறி ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கட்டை நட்ட மூன்றாம் நாளே காகம் வந்து விளிம்பில் குந்தியது. காகத்துக்கு அது நல்ல ஆசனம், எனக்கு அது கழுவுகிற வேலை. விளிம்பைச் சுற்றி மெல்லிய கம்பியை நிமிர்த்திக் கட்டிய பிறகு இப்போது கட்டையின் தலையில் வந்து குந்துகிறது. அந்த அளவில் இருவரும் சமாதானம்.

ஒருமுறை டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்தட்டு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு இதன் முன்னால் நின்றார். "இது என்ன?" என்றார். விளக்கினேன். புனலைக் கழற்றிக் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தார். அன்று காலை ஊற்றியிருந்தேன், தப்பினேன். தண்ணீரை நாள்தோறும் ஊற்றாத ஆள் இதை வாங்கவே கூடாது. வாங்கினால் வளர்வது கணக்கு இல்லை, நுளம்பு.

நேரமும் முக்கியம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு முடியும் 24 மணித்தியாலத்தைக் கணக்கெடுக்கிறது, நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் சேர்ட்டைச் சொருகிக்கொண்டு கட்டையடியில் குனிந்து நிற்பது அயலில் பழகிப்போன காட்சி. நீர்மட்டம் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நடுவில் குழிந்திருக்கும், குழியின் அடியைத்தான் வாசிக்க வேண்டும். மேற்கே இருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவு பெய்த ஒரு மில்லிமீற்றரை மத்தியானம் வரை விட்டால் பாதி காற்றோடு போய்விடும்.

சரி, அளந்து என்ன கண்டேன்? முதலில், எண்ணுக்கு உடம்பு வந்தது. வானிலை அறிக்கையில் "50 மில்லிமீற்றருக்கும் அதிகமான ஓரளவு பலத்த மழைவீழ்ச்சி" என்று வாசிக்கும்போது முன்பு அது வெறும் வசனம். இப்போது தெரியும். 2 என்றால் எங்கள் ஒழுங்கை மணலில் புள்ளி விழுந்திருக்கும், பத்து மணிக்குக் காய்ந்துவிடும். 20 என்றால் அன்று இரவு தவளை நித்திரை கொள்ள விடாது. 60 தாண்டினால் கேற்றடியில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். 100 என்பது வேறு சாதி. அன்றைக்கு யாரும் "மழை பெய்யுது" என்று சொல்வதில்லை, "தண்ணி வருகுதா" என்றுதான் கேட்பார்கள். உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறந்தார்களா, வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டினார்களா என்று பேச்சு மாறும்.

அடுத்தது கூரைக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் பெய்தால் சரியாக 1 லீற்றர். இவ்வளவு சுத்தமான கணக்கை நான் படிக்கும் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குசினிப் பக்கக் கூரை 20 அடிக்கு 15 அடி, கிட்டத்தட்ட 28 சதுர மீற்றர். அப்படியென்றால் 18 மில்லிமீற்றரில் 500 லீற்றர் தாங்கி நிரம்ப வேண்டும். பீலியைப் பூட்டி விட்டுப் பார்த்தேன். ஓட்டில் ஊறியதும் பீலியில் வழிந்ததும் போக, 20க்குக் கிட்ட நிரம்பியது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோசத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிற எங்களுக்கு, கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும்போது அந்தத் தாங்கியின் அருமை தெரியும். இப்போது தேத்தண்ணிக்கு அதில்தான் அள்ளுகிறார்கள்.

மிகப் பெரிய கண்டுபிடிப்பு மச்சானால் வந்தது. அவர் கரடியனாற்றுப் பக்கம் வேளாண்மை செய்கிறார், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆள். விதைப்புக் காலத்தில் காலையில் அழைப்பார்: "உங்க எவ்வளவு மச்சான்?" நான் சொல்வேன். "இஞ்ச பேய் மழை, உங்கட போத்தல் பொய் சொல்லுது" என்பார். சண்டை தீர, அவருக்கும் ஒன்று செய்துகொடுத்தேன். நேரான உடம்புள்ள பெரிய சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனலாகக் கவிழ்த்து, அடியில் உள்ள மேடுபள்ளத்தைச் சீமெந்து ஊற்றிச் சமன் செய்து, சீமெந்து மட்டத்தைப் பூச்சியமாக வைத்து அடிமட்டத்தை ஒட்டினால் போதும். வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் அடிமட்டம் காட்டுவதே மில்லிமீற்றர். மலிவு. என்னுடையது மாதிரி நுணுக்கமாக வாசிக்க முடியாது, ஆனால் வயலுக்கு அது காணும்.

அப்புறம் ஓர் ஆவணி மாலை. மேற்கே இடி, வானம் கறுத்து வந்தது, மாமி கொடியில் காய்ந்த உடுப்பையெல்லாம் ஓடிப்போய் எடுத்தார். ஒரு சொட்டு விழவில்லை. அடுத்த நாள் காலை என் குழாயில் பூச்சியம், மச்சானுடைய போத்தலில் 31. மலைப் பக்கம் கிளம்பும் கோடை இடிமழை பல நாளில் வாவியைத் தாண்டுவதே இல்லை. மாரியில் பல தடவை கதை மறுபக்கம்: விடியப்புறம் கடலில் இருந்து வரும் மழை எங்கள் பக்கமான எழுவான்கரையை நனைத்துவிட்டுப் போயிருக்கும், அவருக்கு வெறும் 3. அன்றிலிருந்து நாங்கள் சண்டை பிடிப்பதில்லை, எண்களை மட்டும் பரிமாறுகிறோம். என் கொப்பியில் அவருக்கும் ஒரு நிரல் இருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். வெளிக்குழாய் நாலாம் வருசத்தில் வெயிலுக்கு மங்கிப் பால் நிறமாகிவிட்டது. மாரியில் உள்ளே பாசி பிடிக்கும், போத்தல் கழுவும் பிரஷ் இல்லாமல் சரிவராது. காற்று பலமாக அடித்தால் மழை சாய்ந்து புனலைத் தாண்டிப் போவதால் குறைத்துத்தான் காட்டும். எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பார்த்த மாமியிடம் இதைச் சொன்னபோது, "அண்டைக்கு இது இருந்திருந்தா நீ மழையையா அளந்திருப்பாய் மனே, போத்தலைத் தேடித் திரிஞ்சிருப்பாய்" என்றார்.

போன வருசம் உள்குழாய் என் கையாலேயே கிணற்றுக் கட்டில் விழுந்து அடியில் வெடித்தது. இங்கே உதிரிக் குழாய் கிடைக்கவில்லை. ஆனால் 4 அங்குல வாயில் 1 மில்லிமீற்றர் மழை 8.1 கிராம் நிறை வரும், அதனால் தண்ணீரைக் குசினித் தராசில் நிறுத்து வகுக்கிறேன். மனைவி மாவு நிறுக்கும் தராசு அது. கேக் போடும் நாட்களில் மழை பெய்தால் யார் முதலில் என்று இழுபறி. இன்று காலை 93 கிராம், அதாவது பதினொன்றரை. தராசை ஈரத்தோடு வைத்ததற்கு ஏச்சு தனி.