பிரவுன் ஏலுக்கு எது சேரும்: காப்பியா, ஏலக்காயா, மறையூர் வெல்லமா?

கம்பம், போடிப் பக்கமிருந்து வெளிநாடு போகிற பெட்டிகளில் ஏலக்காய், காப்பிக்கொட்டை, வெல்லம் மூன்றில் ஒன்றாவது இருக்கும். வெளிநாட்டில் வீட்டிலேயே பிரவுன் ஏல் (பழுப்பு நிற ஆங்கில பீர் வகை) காய்ச்சுகிறவர்கள் இவற்றையும் அதில் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு உரிமம் வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் வழிவிட்டது. குமுளிச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதை வேறு. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படியும் கேரள அப்காரிச் சட்டப்படியும் உரிமமில்லாமல் காய்ச்சுவது குற்றம்.

அடிப்படை 20 லிட்டருக்கு: வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 400 கிராம், சாக்லேட் மால்ட் (கருக வறுத்த மால்ட், சாக்லேட் கிடையாது) 200 கிராம். 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 40 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதி. ஆறியபின் ஆங்கில ஏல் ஈஸ்ட், 18–20 டிகிரியில் இரண்டு வாரம் நொதிப்பு. ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தி காட்டும் கருவி) 1.049இல் தொடங்கி 1.012 அருகே நிற்கும்.

மூன்றில் காப்பிக்குத்தான் முதலிடம். சாக்லேட் மால்ட்டில் ஏற்கெனவே வறுத்த வாசம் உண்டு. காப்பி அதே தடத்தில் போகிறது. முழுக்கொட்டை 80 கிராம், நடுத்தர வறுவல், மஸ்லின் பையில் கட்டி, நொதிப்பு முடிந்தபின் 24 மணி நேரம் போட்டு எடுத்தால் போதும். இரண்டு நாளைத் தாண்டினால் குடைமிளகாய் வாடை தலைகாட்டும். கொதியில் போட்டால் காறல். கேரளத்தில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டா, அதன் கசப்பு முரடு. அராபிகா கேட்டு வாங்குங்கள். சிக்கரி கலந்த ஃபில்டர் தூள் வேண்டவே வேண்டாம்.

ஏலக்காய் மணத்தில் ராஜா, அளவில் வம்பு. அதிலுள்ள சினியோல்தான் யூக்கலிப்டஸ் தைலத்திலும் இருக்கிறது. கை கொஞ்சம் தாராளமானால் ஏல் தலைவலித் தைலமாகிவிடும். மணம் ஆவியாகிப் போவதால் கொதியில் போடுவதும் வீண். 6 காயை லேசாகத் தட்டி 60 மில்லி வோட்காவில் மூன்று நாள் ஊறவிட்டு வடியுங்கள். பாட்டிலில் அடைக்கும் நாளில் 100 மில்லி ஏலில் 0.1 மில்லி விட்டு ருசி பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு 0.1. பிடித்த அளவை 200ஆல் பெருக்கினால் 20 லிட்டருக்கான கணக்கு. போட்டதை எடுக்க முடியாது, குறைவாகவே நிறுத்துங்கள்.

வெல்லத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இனிக்கும் என்று போடுகிறார்கள். ஈஸ்ட்டோ இனிப்பை ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடுகிறது. அரைக் கிலோ போட்டால் ஹைட்ரோமீட்டரின் தொடக்க அளவு 8 புள்ளிக்கு (0.008) மேல் ஏறும், சாராயச் சத்து சுமார் 1 சதவீதம் கூடும், ஏலின் உடம்போ (வாயில் உணரும் கனம்) மெலியும். மிஞ்சுவது ரம் சாயலில் ஒரு வாசமும் லேசான உப்புக்கரிப்பும்தான். அதை விரும்பினால் வெளிர் மால்ட்டில் அரைக் கிலோ குறைத்து, ஊறவைக்கும் சூட்டை 69 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் தங்கி உடம்பு கொடுக்கும். வெல்லத்தைத் தனியே வெந்நீரில் கரைத்து மண், சக்கை போக வடிகட்டி, கொதியின் கடைசி பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கிளறி மறுபடி பற்றவையுங்கள். அப்படியே கட்டியாகப் போட்டால் அடிப்பிடிக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற, கேரளத்து மறையூர் வெல்ல உருண்டை கருநிறம், ருசி அதில்தான். வெளுத்த மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் மருந்து போட்டு வெளுத்தது. (மறையூர்க் கடையில் ‘சர்க்கர’ என்றாலே வெல்லம். சீனி வேண்டுமானால் ‘பஞ்சசார’ என்று கேட்க வேண்டும்.)

வறுத்த தேங்காயும் சிலர் போடுவதுண்டு. எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும், அதனால் அது பட்டியலில் இல்லை.

காப்பியும் வெல்லமும் சேர்ந்தால் நன்றாயிருக்கும். ஏலக்காயோடு காப்பி என்றால் ஏலச்சாற்றைப் பாதியாக்குங்கள். முடிவெடுக்க முடியாதவர்கள் நொதித்த ஏலை நான்கு 5 லிட்டர் ஜாடிகளில் பிரித்து, ஒன்றைச் சும்மா விடுங்கள். காப்பி ஜாடிக்கு 20 கிராம் கொட்டை. வெல்ல ஜாடிக்கு 125 கிராமைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றியபின் மறுபடி நொதிக்கும்; ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்கும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள், அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.