சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புக் கடை, தாராளமா போகலாம்

பிரெஞ்சு எழுத்தாளர் ஷாத்தோபிரியானோட தன்வரலாறு இங்லிஷ்ல கிடைச்சுது, அட்டை ஓரம் லேசா மடிஞ்சிருக்கு, உள்ள சுத்தம், யாரோ பென்சில்ல அங்கங்க கோடு போட்டிருக்காங்க, அதுவும் படிக்க நல்லாத்தான் இருக்கு. பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல, 1793ல லண்டனுக்குத் தப்பி வந்து பசியும் பட்டினியுமா கிடந்தவர், எழுதி எழுதியே பேர் வாங்கி, 1822ல அதே லண்டனுக்கு பிரான்ஸ் தூதரா வந்து இறங்குறாரு, அந்த இடம் படிக்கிறப்போ எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அப்புறம் வெளியுறவு அமைச்சர், ரோம்ல தூதர்னு போகுது. பெரிய பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவே சின்ன வயசுல இவர மாதிரி வரணும்னு ஆசைப்பட்டவர்தான், அப்போ பாத்துக்கோங்க.

கடை ரொம்ப நெருக்கடி, ஆனா எழுத்தாளர் பேரச் சொன்னா அங்கிள் நேரா அந்த ஷெல்ஃபுக்கே கூட்டிட்டுப் போறாரு. விலையும் நியாயம். பேநவ் (PayNow, ஃபோன்லயே பணம் அனுப்புறது) எடுக்குறாங்க.